விளையாட்டுத் திடலும் ஒரு கல்விக்கூடமே

(கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவளுக்கு அது எளிய தலைப்புதான். ஆனால் இன்று வகுப்பறையைப் பற்றிப் பேசப் போவதில்லை. வகுப்பறைக்கு வெளியே இருக்கும் திடலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் குழுக் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன். நம் கல்வி நிதியிலிருந்து, வசதி குறைந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காலணியும், பயிற்சிக்குப் போய் வரும் செலவும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். குழுவில் மூத்தவர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், அமைதியாகக் கேட்டார்: "டீச்சரம்மா, உண்டியலில் விழுகிற காசு சாமிக்கு, சோற்றுக்கு, படிப்புக்கு. பந்துக்கும் காலணிக்குமா?" இன்னொன்றும் கேட்டார்: "கொடுப்பதென்றால் நம் பிள்ளைகளுக்கு மட்டுந்தானே?"

இரண்டும் நியாயமான கேள்விகள். பிறர் பணத்தைக் கையாள்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டியவை. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல விரும்புகிறேன். கொடுத்தவர்கள் நீங்கள், முடிவும் உங்கள் மனத்துக்கு ஒப்பாக இருக்க வேண்டும்.

முதலில் என் இளமைக் காலத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இந்நாட்டில் இனக் கலவரம் மூண்டது. செப்டம்பரில் மீண்டும் மூண்டது. இரண்டிலும் சேர்த்து 36 உயிர்கள் போயின. அப்போது எனக்கு ஐந்து வயது. ஊரடங்கு என்றால் என்னவென்று தெரியாது. தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் பகலிலேயே சன்னல்களைச் சாத்தியதும், அப்பா இரவு முழுவதும் உறங்காமல் உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. பக்கத்துக் கடைச் சீனர் பின்வாசல் வழியாக ஒரு பொட்டலம் ரொட்டி கொடுத்ததும் நினைவிருக்கிறது.

1966இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள்தான் பள்ளிகளில் தேசியப் பற்றுறுதி முதன்முதலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதை எழுதியவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். இனம், மொழி, மதம் என்ற சொற்களின் பொருள் அறியாமலேயே நாங்கள் அதைச் சொன்னோம். பொருள் விளங்கியது இடைவேளை மணி அடித்த பிறகுதான்!

எப்படி என்று கேட்பீர்கள். துணியில் அரிசியோ பயறோ வைத்து முக்கோணமாகத் தைத்த ஐந்து சிறு பைகள் என்னிடம் இருந்தன. அம்மா அதை ஐந்தாங்கல் என்பார். என் மலாய்த் தோழி 'பத்து செரம்பான்' என்றாள். சீனத் தோழிகளும் அதே ஆட்டத்தைத் தங்கள் வீட்டில் கற்று வந்திருந்தார்கள். பையன்கள் ஆடிய கோலியை மலாய்ப் பிள்ளைகள் 'கூலி' என்றார்கள். நம் பல்லாங்குழிக்கு உறவாக அவர்களிடம் 'சோங்காக்' இருந்தது. நம் பம்பரம் அவர்களுக்கு 'காசிங்'. பெயர் வேறு, ஆட்டம் ஒன்று என்பதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து நாங்களே கண்டுகொண்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சன்னலைச் சாத்திக்கொண்ட வீடுகளின் பிள்ளைகள்தாம் நாங்கள்.

பள்ளி ஓட்டப் பந்தயம் என்றால் பேரர் பார்க் திடல். இளைய தலைமுறைக்கு அதன் வரலாறு தெரியாமல் இருக்கலாம். 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதனால் வந்ததுதான். சிங்கப்பூரில் முதல் விமானம் 1911இல் அங்கிருந்துதான் எழும்பியது. 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சரணடைந்த இந்தியப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேதான் கூட்டி நிறுத்தப்பட்டார்கள். இத்தனையையும் பார்த்த மண்ணில் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாக்குக்குள் காலை விட்டுத் தாவித் தாவி ஓடினார்கள். கண்ணீர் விழுந்த இடத்தில் சிரிப்பொலி கேட்டது என்றால் அது இறையருள் அன்றி வேறென்ன?

அந்தத் திடலைச் சுற்றியிருப்பதையும் எண்ணிப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில், ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், ஆங்குலியா பள்ளிவாசல். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் சாக்கியமுனி புத்தர் கோயில், அதற்கு எதிரே லியோங் சான் கோயில். எல்லாம் நடந்து போகும் தூரம்.

பெரியோர்களே! இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1991ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தது. தொடக்கநிலை ஐந்தில் நால்வர் தொடரோட்டக் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியை. இரண்டு சீனப் பையன்கள், ஒரு தமிழ்ப் பையன், ஒரு மலாய்ப் பையன். மலாய்ப் பையன்தான் கடைசிச் சுற்று ஓடுகிறவன், எல்லாரிலும் வேகமானவன். அவன் நோன்பிருந்தான். பிள்ளை வாடிப் போவானே என்ற பரிவில், அவன் பெயரை அடித்துவிட்டு வேறு பையனைச் சேர்த்தேன். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "டீச்சர், நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே" என்றான்.

அந்தச் சொல் இன்றுவரை என் காதில் ஒலிக்கிறது. அவன் சமயத்தை நான் மதிக்காமல் இல்லை. மதிப்பதாக எண்ணிக்கொண்டு, அவனை மறந்துவிட்டேன். அவனை உட்கார வைத்துக் கேட்டேன். விடியலுக்கு முன் சாப்பிட்டுவிட்டு வருவதால் காலையில் தெம்பாக இருக்கும், பிற்பகலில்தான் தொண்டை வறளும் என்றான். அவன் பெற்றோரிடமும் பேசினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். தீர்வு அவ்வளவு எளிது! பிற்பகல் பயிற்சியைக் காலை அணிவகுப்புக்கு முன்னதாக மாற்றினேன். மற்ற மூவரும் முணுமுணுத்தார்கள். அரை மணி நேரம் முன்னதாக எழ வேண்டுமே! ஆனால் வந்தார்கள். ஒரு வாரம் கழித்து, அவன் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, குழாயடிக்குத் தள்ளிப் போய்க் குடித்தார்கள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வட்டாரப் போட்டியில் நான்காவதாக வந்தோம். பதக்கம் இல்லை. ஆனால் நோன்புப் பெருநாளன்று மூவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். தமிழ்ப் பையன் விரதத்தில் இருந்தான். அந்த வீட்டு அம்மா அவனுக்கென்று தனித்தட்டில் பழமும் இறைச்சி சேராத பலகாரமும் எடுத்து வைத்திருந்தாராம். அவர் முன்கூட்டியே தம் மகனிடம் கேட்டிருக்கிறார். நான் கேட்க மறந்ததை அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

1997 முதல் ஆண்டுதோறும் ஜூலை 21ஆம் நாளைப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. பிள்ளைகள் ஒருவர் உடையை ஒருவர் அணிந்து வருவது பார்க்க அழகாக இருக்கும். அது தேவைதான். ஆனால் உடை ஒரு நாளோடு கழன்றுவிடும். வாரம் இரண்டு நாள் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் தடியை வாங்கி ஓடுகிறானே, அந்தப் பழக்கம் கழலாது. கைமாற்றும்போது ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பின்னால் வருகிறவன் சரியாகக் கையில் வைப்பான் என்று நம்பிக் கையை நீட்டுவான். அந்த நம்பிக்கையை எந்தப் பாடநூலில் அச்சிட முடியும்?

நம் சமுதாயத்துக்குத் திடல் தந்த பெருமையையும் சொல்ல வேண்டும். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். இரண்டாவதாக வந்தவர் நம் சி. குணாளன். ஆசியாவிலேயே முதல் இருவரும் தமிழர்! 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 வினாடி, 2001 வரை, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1973இல் இங்கு நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்ற குளோரி பார்னபசும் ஆசிரியையே. அதே ஓட்டத்தில் சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் மீண்டும் தங்கம் பெற 42 ஆண்டுகள் ஆயின. 2015இல் அதைப் பெற்றவர் சாந்தி பெரேரா. அவரே 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்றார். 1974இல் சீ சுவீ லீ வென்ற பிறகு, ஆசிய விளையாட்டின் தடகளத்தில் சிங்கப்பூருக்கு வந்த முதல் தங்கம் அது. இப்பெருமக்கள் ஓடியபோது கைதட்டியவர்கள் தமிழர் மட்டுமா? நாடே எழுந்து நின்றது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் திடலில் இறங்க வேண்டும் என்பதே என் கவலை. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பது நீங்கள் அறிந்ததே. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. வீட்டுக்கு வீடு மாத்திரைப் பெட்டி இருக்கும் சமூகம், பிள்ளையிடம் "ஓடாதே, உட்கார்ந்து படி" என்று சொல்லலாமா?

இனி அந்தக் கோரிக்கை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறேன். நம் துணைப்பாட வகுப்புக்கு ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். தொடக்கநிலை ஐந்து. பள்ளித் தடகளக் குழுவுக்குத் தேர்வானதை வகுப்பு முழுவதும் சொல்லி மகிழ்ந்தவள். இரண்டு மாதம் கழித்து, "பயிற்சி எப்படிப் போகிறது, கண்ணு?" என்று கேட்டேன். "எனக்கு ஓடப் பிடிக்கவில்லை, டீச்சர்" என்றாள். பிள்ளைகள் பொய் சொல்லும்போது தரையைப் பார்ப்பார்கள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். பள்ளிக்கூட வெள்ளைக் காலணி. முன்புறம் பிளந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. அந்த ஒரு சோடியில்தான் ஓடவும் வேண்டும், மழையில் நனைந்தால் மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வகுப்புக்கும் போக வேண்டும்.

அரசாங்கம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் கட்டணம், பாடநூல், சீருடை, உணவு ஆகியவற்றைக் கவனிக்கிறது. பள்ளிகளும் தம்மால் ஆனதைச் செய்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தின் வருமானம் வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. கேட்டால் கிடைத்திருக்கலாம். கேட்க அந்தத் தாய்க்குக் கூச்சம். இத்தகையோர் வரம்புக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

நான் காலணி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அதற்குள் அந்த ஆண்டுப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் போய்விட்டது. அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஆறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பயிருக்குப் பருவம் இருப்பதுபோல் பிள்ளையின் ஆர்வத்துக்கும் பருவம் உண்டு. பருவம் தப்பிப் பெய்த மழையாயிற்று என் உதவி. ஒருவர் கண்ணில் பட்டால் கிடைப்பது தயவு. கண்ணில் படாவிட்டாலும் உரிய நேரத்தில் கிடைப்பதற்காகத்தான் நம் முன்னோர் அறக்கட்டளை என்று எழுதி வைத்தார்கள்.

இப்போது மூத்தவரின் முதல் கேள்விக்கு வருகிறேன். கோயில் பணம் இதற்கா?

காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் என்று ஓர் ஊர். ஆறுகள் கூடும் இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1067ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஒன்று இருக்கிறது. கோயில் வருவாயிலிருந்து மாணவர் விடுதியும் கல்விச்சாலையும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் நடத்தப்பட்டதை அது சொல்கிறது. மாணவர்க்குச் சோறு மட்டுமா? படுக்கப் பாய், விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. படிக்கிற பிள்ளைக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெருமாள் பணத்தில் எண்ணெய் வாங்கினார்கள். இன்று நாம் காலணி வாங்கினால் அது மரபு மீறல் ஆகுமா?

இவ்வூரிலும் சான்று உண்டு. ராமகிருஷ்ண மிஷன் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியது. 1893இல் சிகாகோ செல்லும் வழியில் சிங்கப்பூரைத் தொட்டுச் சென்ற விவேகானந்த சுவாமிகள், இளைஞர்களுக்கு உடல் வலிமை வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர் அல்லவா? லியோங் சான் கோயிலார் 1954இல் மீ தோ பள்ளியைத் தொடங்கினார்கள். பிற்பாடு பொங்கோலுக்கு இடம் மாறிய அப்பள்ளி இன்றும் நடந்து வருகிறது. வழிபாட்டுத் தலமும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே சுவரின் இரு பக்கங்கள் என்பது எல்லாச் சமயத்தாரும் கண்ட உண்மை.

இரண்டாவது கேள்வி: நம் பிள்ளைகளுக்கு மட்டுமா?

நம் அன்னதானப் பந்தியில் உட்காருகிறவரை நாம் என்ன சமயம் என்று கேட்பதில்லை; "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்றுதான் கேட்கிறோம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி தூக்குகிறவர்களில் சீனரும் உண்டு. முருகன் அவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. தொடரோட்டத்தில் நால்வர் ஓடுகிறார்கள். மூன்று பேருக்குக் காலணி இருந்து ஒருவனுக்கு இல்லையென்றால் நால்வருமே தோற்பார்கள். ஆகவே முதலில் நம் துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளிடம் தொடங்குவோம். நமக்குத் தெரிந்த குடும்பங்கள் அவை. ஆனால் அப்பிள்ளை தன் குழுவில் காலணி இல்லாத தோழனைப் பற்றிச் சொன்னால், அவன் நெற்றியைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்ப்போம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே! தேர்வுச் சுமையைக் குறைக்க அரசாங்கமே முனைந்திருக்கிறது. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் முற்றாக எடுக்கப்பட்டன. அந்த நேரத்தை இன்னொரு துணைப்பாட வகுப்பால் நிரப்பிவிடாதீர்கள். வாரம் இரண்டு மாலை திடலுக்கு விடுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

தொண்டூழியர்களே! பள்ளிப் பிள்ளைகள் கற்றல் பயணமாகக் கோயிலுக்கு வரும்போது, "ஏன் காலணியைக் கழற்ற வேண்டும்?" என்று ஒரு சீனச் சிறுவன் கேட்டான். நம் பிள்ளை விழித்தது. பக்கத்திலிருந்த மலாய்ச் சிறுமி, "நாங்களும் பள்ளிவாசலில் கழற்றுவோம், அது சுத்தமான இடம்" என்று சொன்னாள். அருமையான பதில்! ஆனால் நம் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? நம்முடையதை நாம் அறிந்திருந்தால்தான் அடுத்தவரிடம் சொல்ல முடியும். கேள்வி கேட்கும் எந்தப் பிள்ளையையும் அதட்டாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

உபயதாரர்களே! உங்களிடம் பெருந்தொகை கேட்கவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஓர் அர்ச்சனையோடு, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு ஒரு சோடி காலணி என்று எழுதிக் கொடுங்கள். யார் கொடுத்தது என்று அப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். மேடையேற்றிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு கேட்டு, உறையிலிட்டு, பள்ளியாண்டு தொடங்கும் முன்பே வீட்டில் சேர்த்துவிடுவோம்.

பள்ளி விளையாட்டு விழாவில் கடைசியாகக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அதில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். ஒரு பக்கம் விழுந்தால்தான் மறுபக்கம் வெல்லும். தேர் வடமும் கயிறுதான். ஆனால் அதை எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கிறோம். யாரும் விழாமல் சாமி நகர்கிறார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நம் ஊர் எது? சிராங்கூன் சாலை மட்டுமன்று, இந்தத் தீவு முழுவதும் நம் ஊர்தான். அந்த வடத்தில் பிடிக்க எத்தனை கைகள் வந்தாலும் இடம் உண்டு.

என் கோரிக்கை மீண்டும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு வருகிறது. மூத்தவர் அன்று கேட்ட கேள்விகளுக்கு என் பதில் இதுதான். அவரும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் என்ன முடிவு சொன்னாலும் தலைவணங்குவேன். ஆனால் முடிவு சொல்வதற்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை நம் துணைப்பாட வகுப்பு வாசலில் கழற்றி வைத்திருக்கும் காலணிகளை ஒருமுறை வந்து பார்க்குமாறு, அவரை மட்டுமன்றி உங்கள் அனைவரையும் பணிவுடன் அழைக்கிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்லறிவும் நோயற்ற உடலும் நல்ல தோழமையும் அருள்வானாக.